ஜி.பி.எஸ். இல்லை, ரேடியோ இல்லை... 1932-ல் சென்னைக்கு விமானம் வழி கண்டுபிடித்தது எப்படி?

பைக்கில் பக்கத்து ஊருக்குப் போகவே மேப் பார்க்கிறோம். ஆனால் 1932 அக்டோபரில், கராச்சியில் கிளம்பிய தபால் ரேடியோவோ வழிகாட்டும் சிக்னலோ இல்லாத குட்டி விமானங்களில் சென்னை வரை வந்தது. எப்படிச் சாத்தியமானது?

அந்தப் பயணம்

லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் கராச்சிக்குக் கொண்டுவரும் தபாலை உள்நாட்டுக்குள் எடுத்துவர டாடா நிறுவனம் விமான சேவை தொடங்கியது. அக்டோபர் 15 அன்று கராச்சியில் கிளம்பிய ஜே.ஆர்.டி. டாடா, அகமதாபாத்தில் இறங்கி பெட்ரோல் நிரப்பிக்கொண்டு பம்பாய் ஜூஹுவை அடைந்தார். அகமதாபாத்துக்கு பெட்ரோல் கேன்கள் வந்தது மாட்டு வண்டியில்! பம்பாயிலிருந்து தபாலை எடுத்துக்கொண்ட நெவில் வின்சென்ட், பெல்லாரியில் இரவு தங்கி, பிறகு சென்னைக்குப் பறந்தார்.

பயன்படுத்தியது டி ஹாவிலாண்ட் நிறுவனத்தின் 'புஸ் மாத்'. ஒற்றை இன்ஜின், சுமார் 120 குதிரைத்திறன், மணிக்கு 160 கி.மீ. வேகம். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜிம் மாலிசன் தனியாக அட்லான்டிக்கைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்ததும் இதே ரக விமானத்தில்தான்.

விமானி முன்னால் இருந்தவை என்ன?

அக்காலச் சிறு விமானங்களில் இருந்தது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய மீட்டர்கள்தான்.

வேகமானி: இறக்கையில் நீட்டிக்கொண்டிருக்கும் 'பிட்டோ' குழாய்க்குள் எதிர்க்காற்று மோதும். அந்த அழுத்தத்தை, சாதாரண காற்றழுத்தத்தோடு ஒப்பிட்டு முள் வேகத்தைக் காட்டும். ஆனால் இது காற்றோடு ஒப்பிட்ட வேகம். தரைக்கு மேல் எவ்வளவு வேகம் என்று சொல்லாது.

உயரமானி: மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். அதை அளந்து உயரமாகக் காட்டும். சிக்கல் என்னவென்றால், தாழ்வழுத்தப் பகுதிக்குள் நுழைந்தாலும் அழுத்தம் குறையும். 10 மில்லிபார் குறைந்தாலே, இருக்கும் உயரத்தைவிட ஏறக்குறைய 80 மீட்டர் அதிகமாகக் காட்டிவிடும். போகும் ஊரின் காற்றழுத்தத்தைக் கேட்டு மீட்டரைச் சரிசெய்ய ரேடியோ வேண்டும். அதுதான் இல்லையே!

திசைகாட்டி: விமானம் திரும்பும்போதும் வேகம் மாறும்போதும் தடுமாறும். நேராகப் பறக்கும்போதுதான் நம்ப முடியும்.

இவற்றோடு ஒரு கடிகாரம், ஒரு வரைபடம். 'இந்த வேகம், இந்தத் திசை, இவ்வளவு நேரம்' என்று கணக்குப் போட்டு, 'இப்போது இங்கே இருக்கிறோம்' என்று முடிவுக்கு வர வேண்டும்.

கணக்கு தப்பினால்?

பெல்லாரியிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் சுமார் 425 கி.மீ. வடக்கிலிருந்து மணிக்கு 25 கி.மீ. காற்று விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, விமானி அதைக் கவனிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டேகால் மணி நேரத்தில் விமானம் 55 கி.மீ.-க்கு மேல் தெற்கே விலகியிருக்கும். அதாவது, காஞ்சிபுரத்துக்கு மேற்கே உள்ள தாமல் பக்கம் வந்திருக்கும். சென்னை இன்னும் சுமார் 75 கி.மீ. தூரத்தில்!

காப்பாற்றுவது கண்கள்தான். தாமல் ஏரி போன்ற பெரிய ஏரி, கோயில் கோபுரம், ரயில் பாதை... இவற்றை வரைபடத்தோடு ஒப்பிட்டு விலகலைக் கண்டுபிடிக்கலாம். மேகம் மூடினால்? கீழே எதுவும் தெரியாது. அதைவிட ஆபத்து வேறு: வெளியே எதுவும் தெரியாதபோது, விமானம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தாலும் நேராகப் போவதுபோலவே உள்காது நம்மை நம்பவைக்கும். பல விமானிகள் உயிரிழந்தது இப்படித்தான்.

இதற்குத் தீர்வு சுழலும் பம்பரத் தத்துவத்தில் இயங்கும் 'கைரோ' கருவிகள். 1929 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவின் ஜிம்மி டூலிட்டில், மூடிய காக்பிட்டில் வெளியே பார்க்காமல், கருவிகளையும் ரேடியோ சிக்னலையும் மட்டும் நம்பி விமானத்தை மேலேற்றி, பறந்து, இறக்கிக் காட்டினார். ஆனால் இந்த வசதிகள் எல்லா ஊருக்கும், எல்லா விமானத்துக்கும் வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின.

இன்று?

செயற்கைக்கோள் வழிகாட்டினாலும், இன்றைய பயணிகள் விமானங்களில் பிட்டோ குழாயும் காந்தத் திசைகாட்டியும் இன்னும் இருக்கின்றன. சும்மா அலங்காரத்துக்கு இல்லை. 2009-ல் ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் பிட்டோ குழாய்களில் பனி அடைத்து, வேக அளவீடு குழம்பியதில் தொடங்கிய சிக்கல் 228 பேரின் உயிரைப் பறித்தது.

மீட்டர் காட்டுவதை எப்போது நம்புவது, எப்போது சந்தேகிப்பது? 1932-ல் அந்தக் குட்டி விமானத்தின் விமானிக்கு இருந்த அதே கேள்வி, இன்றைய விமானிக்கும் பயிற்சியில் சொல்லித்தரப்படுகிறது.