16 வேன் நின்றாலும் கல்யாணம் நடக்கும்

நியூ ஜெர்சி எடிசனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஓய்வு பெற்றவர். ஓக் ட்ரீ ரோடு கடைகளில் வருடக்கணக்காக வாங்கிச் சேர்த்த பாட்டு சிடிக்கள் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றனவாம். எல்லாவற்றையும் கோப்புகளாக மாற்றி பேத்திக்குக் கொடுக்க ஆசை. பரணிலிருந்து டிரைவ் உள்ள பழைய லேப்டாப்பை இறக்கியிருக்கிறார். “சில சிடி ஒழுங்காகப் பாடுகிறது. சிலதைப் போட்டால் இரண்டு நிமிடம் கர்ர் கர்ர் என்று முனகிவிட்டு வெளியே துப்பிவிடுகிறது. அதே சிடி காரில் பாடுகிறது. கோளாறு சிடியிலா, லேப்டாப்பிலா, என் தலையெழுத்திலா?”

தலையெழுத்தை விட்டுவிடுவோம். மற்ற இரண்டையும் பார்க்கலாம்.

முதலில் வைத்தியங்கள். பற்பசை தடவு, வாழைப்பழத் தோலால் துடை, ஃபிரீசரில் ஒரு ராத்திரி வை என்று ஊரெல்லாம் சொல்வார்கள். பற்பசைக்கு மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. அதில் இருக்கும் மெல்லிய தேய்ப்புத்தூள் மேலோட்டமான கீறலின் விளிம்பை மழுக்கும். ஃபிரீசரில் வைத்தால் சிடி குளிரும், அவ்வளவுதான். ஒரு காலத்தில் சிடியின் ஓரத்தில் பச்சை மார்க்கர் பேனாவால் வட்டம் போட்டால் சங்கீதம் துல்லியமாகக் கேட்கும் என்று நம்பி, அதற்கென்றே தனிப் பேனா வாங்கியவர்கள் இருந்தார்கள். அந்தப் பேனாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறு வேலைக்கு வரப்போகிறது.

லேசர், மேடு பள்ளம், பூஜ்யம் ஒன்று எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தாயிற்று. எனக்கு ஆச்சரியம் சிடி படிக்கிறது என்பதில் இல்லை. படிக்க முடியாததை அது எப்படிச் சமாளிக்கிறது என்பதில்தான். கைபட்டு, தூசி பட்டு, காரின் கையுறைப் பெட்டியில் உருண்ட தட்டில் பிழையே இல்லாத நொடி என்று ஒன்று அபூர்வம். ஆனாலும் நமக்குப் பாட்டு பிசிறில்லாமல் கேட்கிறது.

ஒரு கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சி டர்ன்பைக்கில் வேன் வேனாகச் சொந்தக்காரர்கள் மண்டபத்துக்கு வருகிறார்கள். ஒரு குடும்பத்தில் 24 பேர். இவர்கள்தான் பாட்டின் எண்கள். கூடவே இரண்டு தாத்தா, இரண்டு பாட்டி. இந்த நால்வருக்கும் மண்டபத்தில் வேலை கிடையாது. யார் யார் எங்கே உட்கார வேண்டும் என்ற கணக்கு மட்டும் அவர்கள் தலையில் இருக்கும். ஆக 28 பேர். எல்லோரையும் ஒரே வேனில் ஏற்றினால், அந்த வேன் பஞ்சரானால் குடும்பமே காணாமல் போகும். அதனால் சிடியைப் பதிப்பவர்கள் ஒரு விசித்திரமான காரியம் செய்கிறார்கள். முதல் ஆளை முதல் வேனில் ஏற்றுகிறார்கள். இரண்டாவது ஆளை ஐந்தாவது வேனில், மூன்றாவது ஆளை ஒன்பதாவது வேனில். இப்படி நான்கு நான்கு வேன் தள்ளி, 28ஆவது ஆள் 109ஆவது வேனில் வருகிறார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதே ஏற்பாடு. எனவே எந்த வேனைத் திறந்தாலும் உள்ளே இருக்கும் 28 பேரும் 28 வெவ்வேறு வீட்டுக்காரர்கள், ஒருவருக்கொருவர் முகம் தெரியாதவர்கள்.

இப்போது டர்ன்பைக்கில் ஒரு விபத்து. அடுத்தடுத்து 16 வேன் நின்றுவிட்டது. ஒரு குடும்பத்துக்கு எத்தனை பேர் நஷ்டம்? நான்கு வேனுக்கு ஒருவர் என்றால், சரியாக நான்கே பேர். மீதி 24 பேர் மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். வராத நால்வர் யார் என்பதை வந்தவர்களை வைத்தே கணக்குப் போட்டு அப்படியே உருவாக்கிவிடலாம். அது எப்படி என்றால், நேர்கோடு வரைய இரண்டு புள்ளி போதும். நான்கு புள்ளியாக எழுதி வைத்தால் எந்த இரண்டு அழிந்தாலும் கோடு தப்பித்துவிடும். இங்கே நேர்கோட்டுக்குப் பதில் இன்னும் வளைந்த கோடு, 256 எண்கள் மட்டுமே உள்ள ஒரு மூடிய கணிதத்தில். தத்துவம் அதேதான்.

யார் வரவில்லை என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒவ்வொரு வேனிலும் நான்கு கண்டக்டர்கள். வேனுக்குள் சின்னக் குழப்பம் என்றால் அவர்களே தீர்த்துவிடுவார்கள். தீராத குழப்பம் என்றால் “இந்த வண்டியில் வந்த எவரையும் நம்பாதே” என்று எல்லோர் நெற்றியிலும் முத்திரை குத்தி அனுப்புவார்கள். தப்பானவன் எவன் என்று தெரியாமல் தேடினால் தாத்தா பாட்டிக் கணக்கால் இரண்டு பேரைத்தான் திருத்த முடியும். இடம் தெரிந்துவிட்டால் நான்கு பேர் வரை.

விநாடிக்கு 7,350 வேன்கள் இப்படி வருகின்றன. 16 வேன் என்பது தட்டின் தடத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். அந்த நீளத்துக்குத் தகவல் முழுக்க அழிந்தாலும் ஒரு எண் கூடப் பிசகாமல் திரும்பி வரும். அதற்கு மேல் அழிந்தால்? இசைத் தட்டு அப்போதும் கைவிடாது. பக்கத்துப் பக்கத்து எண்களை வேண்டுமென்றே பிரித்துப் பதித்திருப்பதால், காணாமல் போன எண்ணின் இரண்டு பக்கத்து ஆட்களும் பெரும்பாலும் பிழைத்திருப்பார்கள். அவர்கள் இருவருக்கும் நடுவாக ஒரு மதிப்பைப் போட்டு நிரப்பிவிடும். குடும்பப் புகைப்படத்தில் வராத சித்தப்பா முகத்தைப் பெரியப்பாவையும் மாமாவையும் கலந்து வரைந்து ஒட்டுவது மாதிரி. உவமையை இதற்கு மேல் இழுத்தால் மணமகனையே ஊகித்து உட்கார வைக்கும்படி ஆகிவிடும். இங்கேயே இறங்கிக்கொள்கிறேன்.

இதிலிருந்து துடைக்கும் முறையும் கிடைக்கிறது. சிடியை வட்டமாகத் துடைக்கக் கூடாது, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். குறுக்கே விழும் கீறல் சாலையைத் தாண்டிப் போகும் மாடு மாதிரி, ஒவ்வொரு சுற்றிலும் ஓரிரண்டு வேனைத்தான் நிறுத்தும். வட்டக் கீறல் சாலையோடு கூடவே ஓடி நூற்றுக்கணக்கான வேன்களை வரிசையாகக் கவிழ்க்கும். அடிப்பக்கத்துத் தூசியைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். லேசர் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்குக்குள் நுழையும் இடத்தில் முக்கால் மில்லிமீட்டர் அகலம் இருக்கும். உள்ளே போய்த்தான் மைக்ரான் அளவுக்குக் குவியும். சின்னத் தூசி அதன் கண்ணில் மங்கலாகக்கூடப் படாது. பயப்பட வேண்டியது பெயர் அச்சடித்த மேல்பக்கத்துக்குத்தான். பளபளப்பு உலோகம் அங்கே ஒரு மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது.

வரலாறும் ஒரு பத்தி சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். பிழை திருத்தும் சங்கேதங்களுக்கு விதை போட்ட இடம், நம் வாசகர் வீட்டிலிருந்து காரில் எட்டிவிடும் தூரத்தில், மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகம். பிழையைக் கண்டதும் வேலையை நிறுத்திவிடும் கணினி மேல் எரிச்சல் கொண்டு ரிச்சர்ட் ஹாமிங் 1950இல் கட்டுரை வெளியிட்டார். மேலே சொன்ன தாத்தா பாட்டிக் கணக்கு 1960இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் இருவரும் எழுதியது. அப்போது அதை வேகமாகக் கணக்கிடும் கருவி கிடையாது. பிலிப்ஸும் சோனியும் அதைத் தட்டில் ஏற்றி 1982இல் விற்பனைக்குக் கொண்டுவந்தன. போதும்.

அடுத்த கதைதான் எனக்குக் கோபம் வரவழைப்பது. வாசகரின் பெட்டியில் அவர் மகன் 2005 வாக்கில் வாங்கிய இரண்டு ஆங்கில ஆல்பங்களும் இருந்தன. லேப்டாப்பில் போட்டால் பாட்டுக்குப் பதிலாக ஏதோ நிரல் திறக்கப் பார்த்ததாம். அந்தச் சில ஆண்டுகளில் வந்த சில தட்டுகளுக்கு நோய் வரவில்லை, பிறக்கும்போதே ஊனமாக்கிப் பிறப்பித்தார்கள். நகல் எடுப்பதைத் தடுக்கிறோம் என்று சொல்லி, மேலே நான் வியந்த அந்தப் பெருந்தன்மையையே ஆயுதமாக்கினார்கள். ஒரு வகைத் தட்டில் தவறான எண்களைத் தெரிந்தே பதித்தார்கள். வீட்டு சிடி பிளேயர் ஊகித்து நிரப்பிக்கொண்டு பாடும், கணினி நகலெடுத்தால் படபடவென்று ஓசை வரும். சமாளிக்கும் சக்தியில் ஒரு பங்கை ஆலையிலேயே செலவழித்துவிட்டதால், அப்புறம் நிஜமாகக் கீறல் விழுந்தால் தாங்க மிச்சம் குறைவு. இன்னொரு வகையில், தட்டின் ஓரத்தில் இரண்டாவதாக ஒரு பகுதியைப் பதித்தார்கள். வீட்டு பிளேயர் முதல் பகுதியோடு திருப்தியடையும். கணினியோ கடைசிப் பகுதியைத் தேடிப் போய்க் குழம்பும். 2002இல் சிலர் மார்க்கர் பேனாவால் அந்த ஓரத்தை மறைத்தார்கள், பாட்டு கணினியில் பாடியது. பச்சைப் பேனா பக்தர்கள் கடைசியில் பாதி ஜெயித்தார்கள். இப்படிப்பட்ட தட்டுகளில் காம்பாக்ட் டிஸ்க் சின்னத்தைப் போடக் கூடாது என்று பிலிப்ஸே ஆட்சேபித்தது.

2003 அக்டோபரில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன், பிஎம்ஜி இசை நிறுவனத்தின் ஆல்பம் ஒன்றின் பாதுகாப்பை முறியடிக்கும் வழியை வெளியிட்டார். தட்டைப் போடும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். தானாக ஓடும் நிரல் ஓடாது. அந்தப் பாதுகாப்பை விற்ற சன்காம் நிறுவனம் வழக்குப் போடப்போவதாக அறிவித்து, உடனே பின்வாங்கியது.

2005 அக்டோபர் 31 அன்று கதை டெக்சாஸுக்குப் போனது. ஆஸ்டின் விண்டர்னல்ஸ் நிறுவனத்தின் மார்க் ருசினோவிச் தன் கணினியில் ஒளிந்திருந்த நிரல் ஒன்றைக் கண்டுபிடித்ததை அன்று வெளியிட்டார். தடம் பிடித்துப் போனால், அவர் காசு கொடுத்து வாங்கிய சோனி பிஎம்ஜி பாட்டு சிடியில் முடிந்தது. அந்த நிரல் தன்னை மறைத்துக்கொள்வதோடு, ஒரு குறிப்பிட்ட முன்னொட்டோடு தொடங்கும் எந்தக் கோப்பையும் மறைத்தது. வைரஸ் எழுதுபவருக்கு இலவச மறைவிடம். இன்னும் வேடிக்கை, அவர் அதை அழித்ததும் சிடி டிரைவே கணினியிலிருந்து மறைந்துபோனது. டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் வடிகட்டி மாதிரி அது உட்கார்ந்திருந்தது. வடிகட்டியைப் பிடுங்கினால் குழாயே அறுந்துவிட்டது.

இந்த நிரலோடு வந்தவை 52 ஆல்பங்கள், அச்சடித்தவை சுமார் 47 லட்சம், விற்றவை 21 லட்சம். நிறுவனம் கொடுத்த நீக்கும் கருவியே கணினியில் புதிய ஓட்டை போடுகிறது என்று ஹால்டர்மனும் பேராசிரியர் எட் ஃபெல்டனும் காட்டினார்கள். நவம்பர் 21 அன்று டெக்சாஸ் தலைமை வழக்கறிஞர் கிரெக் அபாட் வழக்குத் தொடுத்தார். சான் பிரான்சிஸ்கோவின் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனும் அதே நாளில் வழக்குப் போட்டது. தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. 2006 டிசம்பரில் டெக்சாஸுக்கும் கலிபோர்னியாவுக்கும் தலா 7,50,000 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். ஆனால் அக்காலத்து லேப்டாப்பில் அந்த வடிகட்டியின் எச்சம் இன்றும் ரெஜிஸ்ட்ரியில் கிடக்கலாம். எந்த சிடியும் தெரியவில்லை, டிரைவே காணோம் என்றால் முதல் சந்தேகம் அங்கே.

நம் வாசகருக்கு டிரைவ் தெரிகிறது, சில சிடிதான் ஒவ்வவில்லை. மூன்று கேள்வி கேட்டு பதில் எழுதினேன். டிவிடி ஓடுகிறதா? ஒவ்வாத சிடியின் அடிப்பக்கம் வெள்ளியா, பச்சையா, நீலமா? மேலே காகித லேபிள் ஒட்டியிருக்கிறதா?

டிவிடி ஜோராக ஓடுகிறது என்று பதில் வந்தது. டிரைவுக்குள் இரண்டு லேசர்: டிவிடிக்கு 650 நானோமீட்டர், சிடிக்கு 780. முதலாவது நலமாக இருக்க, இரண்டாவது மட்டும் வயதாகித் தளரலாம். ஆலையில் அச்சடித்த வெள்ளிச் சிடி வெளிச்சத்தை நன்றாகத் திருப்பி அனுப்புவதால் தளர்ந்த லேசருக்கும் அது போதும். அடிப்பக்கம் பச்சையோ நீலமோ என்றால் அது டிரைவில் எரித்த சிடி; அதில் சாயத்தின் வழியாகத்தான் வெளிச்சம் போய் வர வேண்டும், திரும்புவது குறைவு. அட்டையில் நூறாண்டு என்று அச்சடித்து விற்ற வெற்று சிடிக்களிலும் வெயிலில் வெளுக்கும் சாயம் உண்டு. காகித லேபிள் தட்டின் சமநிலையைக் கெடுக்கும். கார் பிளேயர் நிமிடத்துக்கு 200 முதல் 500 சுற்றுதான் சுற்றுவதால் தாங்கும். 24 மடங்கு வேக டிரைவ் 5,000 சுற்றை நெருங்கும்போது தட்டு ஆட்டம் போடும்.

அடிப்பக்கத்துக்கான பதில்தான் அவருக்கே அதிர்ச்சி. கடையில் விலை கொடுத்து, பிளாஸ்டிக் உறை பிரித்து வாங்கியவற்றில் 11 தட்டு பச்சை. அத்தனையும் யாரோ வீட்டில் எரித்து, அட்டைப்படம் நகலெடுத்து விற்றவை. அந்தக் கடை இப்போது இல்லையாம்.

வேறொரு டிரைவைக் கடன் வாங்கி, வேகத்தை நான்கு மடங்குக்குக் குறைத்துப் போட்டுப் பாருங்கள் என்றேன். 9 தட்டு படித்துவிட்டது. மீதி இரண்டையும், ஏசியை அணைத்துவிட்டு காருக்குள் உட்கார்ந்து போனில் பதிவு செய்துகொண்டிருக்கிறார்.