கரையோரக் கணக்கு – 12: மேற்கில் மின்னினால்...

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் கூண்டுகளைப் போன வாரம் பார்த்தோம். புயல் சில நாள் முன்னதாகவே முகம் காட்டிவிடும். இடிமழைக்கு அந்தப் பொறுமை கிடையாது. இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் திரண்டு, அடித்து, ஓய்ந்துவிடும். சிறு படகுக்காரர்களுக்கு அடிக்கடி எதிர்ப்படும் ஆபத்து இதுதான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னை அபிராமபுரத்து மொட்டைமாடிகளில் காயும் துணியை மாலையில் நனைக்கிற மழை எங்கே பிறக்கிறது? மதியத்துக்கு மேல் கடற்காற்று காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கம் வரை உள்ளே நுழைகிறது. எதிரே வரும் மேற்குக் காற்றோடு மோதுகிறது. சூடேறிய தரைக்கு மேல் ஈரக்காற்று கிளம்பி, பத்து கிலோமீட்டருக்கும் அதிக உயரமுள்ள மேகமாகிறது. உயரே வீசும் மேற்குக் காற்று அதைக் கிழக்கே தள்ளுகிறது. அபிராமபுரத்திலிருந்து பட்டினப்பாக்கம் கரை சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். நமக்கு மழை விட்ட பிறகு, அதே மேகம் கடலில் இருப்பவரின் தலைமேல் நிற்கும்.

சிக்கல் இங்கேதான். ஆபத்து கரைப் பக்கத்திலிருந்தே வருகிறது. பயந்து கரைக்கு விரைபவர் நேராக மேகத்துக்குள் போகிறார். மழையில் குளிர்ந்து கனத்த காற்று கீழே விழுந்து, மழைக்கு முன்பாகவே கடல்மேல் பரவுகிறது. காற்றின் வேகம் திடீரென மணிக்கு 29 கிலோமீட்டராவது கூடி, 40 கிலோமீட்டரைத் தொட்டு, ஒரு நிமிடமாவது நீடித்தால் அதை வானிலைத் துறை சூறைக்காற்று என்கிறது. பைபர் படகைப் புரட்ட அந்த ஒரு நிமிடம் போதும்.

அதனால் முடிவை முன்கூட்டியே எடுக்க வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே விநாடிகளை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. அதற்கு முன்பே கரை சேர முடியாது என்று தெரிந்தால், கடலிலேயே சமாளிப்பதுதான் வழி. எல்லோரும் லைஃப் ஜாக்கெட் அணிய வேண்டும். தூண்டில், கம்பம், ஆன்டெனா எல்லாவற்றையும் தாழ்த்த வேண்டும். படகின் நடுவில் குனிந்து உட்கார வேண்டும். உலோகத்தைத் தொடக் கூடாது, தண்ணீரில் கை வைக்கக் கூடாது. இன்ஜினை மெதுவாக ஓட்டி, முகப்பை அலைக்குச் சற்றே சாய்வாக வைக்க வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழியாமல் எழுந்து நிற்க வேண்டாம்.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. சென்னைத் துறைமுகக் கட்டடத்தில் 2002 முதல் டாப்ளர் ரேடார் இருக்கிறது. அடுத்த மூன்று மணி நேர முன்னறிவிப்பை மண்டல வானிலை மையம் வெளியிடுகிறது. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி சுற்றுவட்டார மின்னலைக் காட்டுகிறது. ஆனால் கரையைவிட்டு விலக விலக செல்போன் சிக்னல் மங்குகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கப் போயிருந்த குமரி மீனவர்களுக்குக் கரையில் சொன்ன எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. 2019 அக்டோபரில் அறிமுகமான ‘ஜெமினி’ கருவி, செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலுக்கும் செய்தி தருகிறது. ஆனால் பெறத்தான் முடியும், பதில் அனுப்ப முடியாது.

பட்டினப்பாக்கத்திலிருந்து கிளம்புகிறவர் சென்னை மாவட்ட முன்னறிவிப்போடு நின்றுவிடக் கூடாது. மேற்குக் காற்று மாதங்களில் காஞ்சிபுரத்துக்கும் திருவள்ளூருக்கும் சொல்லப்படும் இடி எச்சரிக்கைதான் அவருக்கு உரியது. வடகிழக்குப் பருவமழையில் கணக்கு தலைகீழ். அப்போது மேகம் கடலிலிருந்து வரும். பொழுதுபோக்காகப் படகேறும் நண்பர்களுக்கும் இது பொருந்தும். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. கிளம்பும் முன்பே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

(தொடரும்)