பயின்ற கையும் பச்சிளஞ் சிசுவும்

இங்கிலாந்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும், அது பூமியில் விழுந்த 72 மணி நேரத்துக்குள், தலை முதல் கால் வரை ஒருவர் நிதானமாகப் பரிசோதித்துவிட வேண்டும் என்பது அந்நாட்டின் தேசிய சுகாதார சேவை வகுத்துள்ள நியதி. கண், இருதயம், இடுப்பு மூட்டு, ஆண் குழந்தையானால் விரைகள் ஆகிய நான்கும் அந்தப் பரிசோதனையில் விசேஷ கவனத்துக்கு உரியவை. 6 முதல் 8 வாரங்களுக்குள் குழந்தையைக் குடும்ப டாக்டரிடம் காட்டும்போது இந்த நான்கும் மறுபடி பார்க்கப்படும். முதற் பரிசோதனையைச் செய்ய வேண்டிய அந்த 'ஒருவர்' யார் என்ற விஷயத்தில்தான், கடந்த முப்பது ஆண்டுகளில், அதிக ஆரவாரமின்றி ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்திருக்கிறது.

1902-ஆம் வருஷத்துச் சட்டத்தால் முறைப்படி பதிவும் அந்தஸ்தும் பெற்ற ஆங்கிலேய மருத்துவச்சி, குழந்தையைக் கையில் ஏந்தியவுடன் அதன் அங்கங்களில் வெளிப்படையான குறை ஏதும் உண்டா என்று பார்த்துவிடுவது பழைய வழக்கமே. ஆனால் ஸ்டெதஸ்கோப் வைத்துச் செய்யும் பூரணமான பரிசோதனை டாக்டருக்கே உரியதென்று கருதப்பட்டது. அந்த டாக்டர் யார் என்று விசாரித்தால், பெரும்பாலும், பயிற்சிக் காலத்தில் ஆறு மாதத்துக்குக் குழந்தைகள் வார்டுக்கு அனுப்பப்பட்ட ஓர் இளைஞராகவே இருப்பார். இரவெல்லாம் கண் விழித்துவிட்டு, வீடு திரும்பக் காத்திருக்கும் குழந்தைகளைக் காலையில் கட்டில் கட்டிலாகப் பார்த்து முடிக்க வேண்டிய அவர், எது இயல்பு, எது இயல்புக்கு மாறு என்பதைத் தம் விரல்கள் ஒருவாறு தெரிந்துகொள்ளத் தொடங்கும் சமயத்தில், வேறு வார்டுக்கு மாறிப் போய்விடுவார். அதே வார்டில் இருபது வருஷமாகக் குழந்தைகளைக் குளிப்பாட்டியும், பாலுக்கு விட்டும், துணியில் சுற்றியும் பழகிய மருத்துவச்சியோ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். இதை விநோதம் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

மாறுதலுக்குக் காரணம் ஞானோதயம் அன்று, சௌகரியமே. இளம் டாக்டர்களின் வேலை நேரம் சட்டத்தாலும் உடன்படிக்கையாலும் குறைக்கப்பட்டது. பிரசவித்த தாய்மார் மறுநாளே வீட்டுக்குப் புறப்படலானார்கள். டாக்டரே இல்லாமல் மருத்துவச்சிகள் மட்டும் நடத்தும் பிரசவ இல்லங்களும் பெருகின. ஆகவே 1990-களில் பல்கலைக்கழகங்கள் மருத்துவச்சிகளுக்கும், சிசுப் பராமரிப்பில் தேர்ந்த நர்சுகளுக்கும் இதற்கெனத் தனிப் பாடத்திட்டம் ஏற்படுத்தின. இதனால் தரம் தாழ்ந்துவிடுமோ என்ற சந்தேகம் எழுந்தது நியாயமே. தென்கிழக்கு இங்கிலாந்தின் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில், இளம் டாக்டர்கள் பரிசோதித்த குழந்தைகளையும் மருத்துவச்சிகள் பரிசோதித்த குழந்தைகளையும் ஒப்பிட்டு, பரிசோதனைகளை வீடியோவில் பதிவு செய்தும் ஆராய்ந்தார்கள். 2004-இல் வெளியான அந்த ஆராய்ச்சியின் முடிவு, மருத்துவச்சிகளின் பரிசோதனையே தரத்தில் மேலோங்கி நின்றது என்பதாகும். தாய்மாரும் அவர்களிடம் அதிக திருப்தி தெரிவித்தார்கள். குழந்தைக்குப் பால் கொடுப்பது, உறக்கம், சருமப் பராமரிப்பு ஆகியவற்றைப் பற்றிப் பரிசோதனையின்போதே மருத்துவச்சிகள் பேசியது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

பயிற்சியில் கற்பிக்கப்படுவது என்ன? முதலில் பொறுமை, அதற்கடுத்தது வரிசைக் கிரமத்தை மீறும் சாமர்த்தியம். படிவத்தில் தலை, முகம், மார்பு, வயிறு என்று ஒழுங்காக அச்சிட்டிருந்தாலும், குழந்தை அமைதியாய்க் கிடக்கும் அந்தச் சில நிமிஷங்களில் இருதய ஒலியைக் கேட்டுவிட வேண்டும். அழவைக்கக்கூடிய இடுப்புச் சோதனையைக் கடைசிக்கு ஒத்திப்போட வேண்டும். கண்ணைப் பலவந்தமாகத் திறக்கக் கூடாது. குழந்தையை நிமிர்த்திப் பிடித்தால் அது தானே விழித்துப் பார்க்கும். அப்போது ஆஃப்தல்மாஸ்கோப்பின் ஒளியைச் செலுத்தினால் விழியின் உட்புறத்திலிருந்து செந்நிறப் பிரதிபலிப்பு தெரியும். அதற்குப் பதில் வெண்மை தென்பட்டால் பிறவிக் கண்புரையாக இருக்கலாம், முதல் சில வாரங்களுக்குள் சஸ்திர சிகிச்சை செய்யாவிட்டால் பார்வை நிலையாகக் கெடும். கறுத்த மேனியுள்ள குழந்தைகளிடம், நம் குழந்தைகளிடமுந்தான், அந்தப் பிரதிபலிப்பு சற்று வெளிறித் தோன்றுவது சகஜம் என்பதைப் புத்தகப் படத்தை மட்டும் பார்த்தவர் அறியமாட்டார்.

இடுப்புச் சோதனை அதைவிட நுட்பமானது. தொடையை மடக்கி வெளிப்புறமாக விரிக்கையில், நழுவியிருந்த எலும்பின் தலை குழிக்குள் திரும்பி விழுவதை விரலால் உணரும் முறையை இத்தாலிய டாக்டர் ஓர்த்தோலானி 1937-இல் எழுதினார். குழிக்குள் இருப்பதாகத் தோன்றும் எலும்பு மெதுவாகப் பின்னுக்கு அழுத்தினால் நழுவுகிறதா என்று பார்க்கும் முறையை ஸால்ஃபோர்டு நகரத்து டாக்டர் பார்லோ 1962-இல் விளக்கினார். ஏறக்குறைய 60 குழந்தைகளில் ஒன்றுக்கு மூட்டு நிலையற்றிருந்ததென்றும், அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை முதல் வாரத்திலேயே தாமாகச் சரியாகிவிட்டன என்றும் பார்லோ கண்டார். ஆகையால் முரட்டு அழுத்தம் உதவாது. தயிர்ப்பானையின் உறை கலையாமல் கை வைக்கும் இலகுத்தனம் அந்த விரல்களுக்கு வேண்டும். மூட்டு நழுவும்படி அமைத்த பொம்மைகளில் பழகிய பிறகே மாணவிகள் குழந்தையைத் தொடுகிறார்கள். வாயைச் சோதிப்பதிலோ விரலை நம்புவது பிசகு. அண்ணத்தின் பிற்பகுதியில் உள்ள பிளவு தடவினால் அகப்படாமல் போகலாம், நாக்கை அழுத்தி டார்ச் வெளிச்சத்தில் கண்ணால் காண வேண்டும்.

எவ்வளவு பயின்ற கையையும் இருதயம் ஏமாற்றக்கூடும். கருவிலிருந்தபோது திறந்திருந்த ஒரு ரத்தக் குழாய் பிறந்த சில தினங்களில் மூடிக்கொள்ளும். அது மூடும் வரை சில கடுமையான குறைகள் வெளியே தெரியா, தொடையில் நாடி நன்றாகவே துடிக்கும். இருதயத்தில் முணுமுணுப்பு கேட்கும் குழந்தைகள் பல ஆரோக்கியமாயிருக்க, ஒன்றும் கேளாத குழந்தை அபாயத்தில் இருப்பதும் உண்டு. ரத்தத்தின் பிராணவாயு அளவைக் காட்டும் சிறு கருவியையும் சேர்த்துக்கொண்டால் இத்தகைய குறைகள் மேலும் சில பிடிபடும் என்பதை, 20,000-க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்தி 2011-இல் வெளியான ஓர் ஆங்கிலேய ஆராய்ச்சி நிரூபித்தது. விரைகள் இரண்டுமே இறங்காத குழந்தையை ஒரு நாளைக்குள் மூத்த வைத்தியரிடம் காட்டியாக வேண்டும் என்பது போல, எந்தக் குறைக்கு யாரை எத்தனை விரைவில் அழைப்பது என்பதும் பாடத்தின் பகுதியே.

பிரிட்டனில் மருத்துவச்சிகளையும் நர்சுகளையும் பதிவு செய்யும் கவுன்சில் 2019-இல் வகுத்த விதிகளின்படி, இப்பரிசோதனை தனிப் பட்டயமாக அல்லாமல், மருத்துவச்சியாகத் தகுதி பெறும் ஒவ்வொருவருக்கும் உரிய திறனாகிவிட்டது. வாசகசாலையில் அமர்ந்து படிக்கும் பகுதி இதில் சுலபம். அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நிற்க, ஒன்றன்பின் ஒன்றாக ஆரோக்கியமான குழந்தைகளைத் தொட்டுப் பார்க்கும் பகுதிக்குத்தான் ஆளும் அவகாசமும் வேண்டும். பிரசவ வார்டில் கை போதாத நாளில் முதலில் தள்ளிவைக்கப்படுவதும் அதுவே. பயிற்சி பெற்றவளுக்கும் வேலை அட்டவணையில் அந்த நேரத்தை ஒதுக்கித் தராத ஆஸ்பத்திரி, அவள் கற்றதை ஓரிரு வருஷத்தில் மறக்கச் செய்துவிடும்.