எக்ஸெல் கட்டத்தில் ஒரு பந்தயக் கார் இன்ஜின்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்ஸெல் புரோகிராமை ஒருமுறையாவது திறந்து பார்த்திருப்பீர்கள். கட்டம் கட்டமாக விரியும் தாளைக் கண்டு, "இது ஆபீஸ் கணக்குக்கு, நமக்கெதற்கு?" என்று மூடியும் இருப்பீர்கள். இந்த மாதம் அதே தாளில் வேறு விதமான கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். பெட்ரோலில் ஓடும் கார்புரேட்டர் பந்தயக் கார் இன்ஜினை எத்தனாலில் ஓட வைக்க வேண்டும். அதற்குக் கார்புரேட்டரில் உள்ள ஜெட்டின் துளையை எவ்வளவு பெரிதாக்குவது? கணக்குத் தவறினால் பிஸ்டனில் ஓட்டை விழலாம்.

எண்ணூர், திருவொற்றியூர் வாசகர்களுக்கு இன்ஜின் புதிதல்ல. அசோக் லேலண்ட், ராயல் என்பீல்டு என்ற பெயர்களுடன் வளர்ந்த பகுதி இது. எண்ணூருக்கு மேற்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், பல ஆண்டுகள் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. 1990ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வந்தது. மாருதி 800 இன்ஜின் பொருத்திய ஃபார்முலா மாருதி கார்கள் ஓடிய காலத்தில் கார்புரேட்டர்தான் வழக்கம். எண்ணூரில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் அத்தகைய பழைய பந்தய இன்ஜின் ஒன்று இருப்பதாக வைத்துக் கொள்வோம்.

<b>எத்தனால் ஏன்?</b>

எத்தனால் கரும்பு, தானியங்கள் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் ஆல்கஹால். இதன் ஆக்டேன் அளவு பெட்ரோலை விட அதிகம். எனவே இன்ஜினின் கம்ப்ரஷனைக் கூட்டினாலும் எளிதில் 'நாக்கிங்' வராது. ஆவியாகும்போது உள்ளே செல்லும் காற்றை நன்கு குளிர வைக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. கூடுதல் சக்தி தரும். அமெரிக்காவின் இண்டி கார் பந்தயங்கள் 2007ல் எத்தனாலுக்கு மாறின.

குறையும் உண்டு. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள வெப்ப சக்தி, பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் எரிவதற்குக் குறைந்த காற்றே தேவை. 1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இன்ஜின் இழுக்கும் காற்று ஏறக்குறைய அதே அளவுதான் என்பதால், எரிபொருளை அதிகம் அனுப்ப வேண்டும்.

இன்றைய கார்களில் இந்த வேலையை உள்ளே இருக்கும் ஒரு சிறிய கம்ப்யூட்டர், சென்ஸர்களின் உதவியுடன், ஓரளவு தானே சரி செய்து கொள்ளும். கார்புரேட்டரில் கம்ப்யூட்டர் இல்லை. ஜெட்டின் துளை எவ்வளவோ அவ்வளவுதான் எரிபொருள். எனவே அந்தக் கணக்கை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட வேண்டியிருக்கிறது.

<b>தாளைத் தயார் செய்வோம்</b>

எக்ஸெல் இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். புதிய தாளைத் திறந்து, முதல் நெட்டு வரிசையில் (ஏ) பெயர்களையும், இரண்டாவது நெட்டு வரிசையில் (பி) எண்களையும் தாருங்கள். கீழே பி1, பி2 என்று தமிழில் தந்திருப்பதைக் கீபோர்டில் ஆங்கில எழுத்தாக டைப் செய்திட வேண்டும். அல்லது ஃபார்முலா டைப் செய்யும்போது அந்தக் கட்டத்தில் மவுஸால் க்ளிக் செய்தால் பெயர் தானாக வந்துவிடும்.

1. பழைய ஜெட் எண்: பி1ல் 100 என டைப் செய்து என்டர் தட்டவும். பல கார்புரேட்டர்களில் 100 என்றால் துளையின் விட்டம் 1.00 மி.மீ. என்று பொருள்.

2. எத்தனால் சதவீதம்: பி2ல் 100.

3. எடையில் எத்தனாலின் பங்கு: பி3ல் =பி2*0.789/(பி2*0.789+(100-பி2)*0.74)

4. தேவைப்படும் காற்று: பி4ல் =பி3*9+(1-பி3)*14.7

5. கலவையின் அடர்த்தி: பி5ல் =(பி2*0.789+(100-பி2)*0.74)/100

6. புதிய ஜெட் எண்: பி6ல் =பி1*(14.7/பி4/(பி5/0.74)^0.5)^0.5

0.789, 0.74 என்பவை முறையே எத்தனால், பெட்ரோலின் அடர்த்தி (பெட்ரோலுக்கு இது சராசரி). ^0.5 என்றால் வர்க்கமூலம். ஃபார்முலா தொடங்கும் முன் = அடையாளம் இட மறந்தால் கணக்கு நடக்காது; நீங்கள் டைப் செய்ததே அப்படியே நிற்கும்.

பி6ல் சுமார் 125.8 கிடைக்கும். பி2ல் 85 என மாற்றுங்கள், 120.8 ஆகும். 20 என மாற்றினால் 104. ஒரு கட்டத்தை மாற்றியதும் மற்றவை தாமாக மாறுகின்றன அல்லவா? எக்ஸெலின் பயனே இதுதான். கண்ட்ரோல் கீயுடன் எஸ் அழுத்தி சேமித்திட மறக்க வேண்டாம்.

<b>பலர் தவறும் இடம்</b>

எத்தனால் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமாக வேண்டும் என்று கேட்டவுடன், 100 எண் ஜெட்டுக்குப் பதில் 150 போடலாம் எனத் தோன்றும். இது தவறு. எரிபொருளின் அளவை முடிவு செய்வது துளையின் பரப்பு. விட்டம் ஒன்றரை மடங்கானால் பரப்பு இரண்டேகால் மடங்காகிவிடும். இன்ஜின் எரிபொருளில் மூழ்கும். சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் கழுவப்பட்டுவிடும். நம் ஃபார்முலாவின் கடைசியில் வர்க்கமூலம் வருவது இதற்காகத்தான்.

எரிபொருள் குறைந்தால் இன்னும் மோசம். மிகவும் குறைந்தால் இன்ஜின் திணறி எச்சரித்துவிடும். கொஞ்சம் குறைந்தால்தான் ஆபத்து. முழு வேகத்தில் ஓடிக்கொண்டே அளவுக்கு மீறிச் சூடாகி, பிஸ்டனைக் கெடுத்துவிடும். எனவே கணக்கில் வந்த எண்ணுக்கு ஒரு படி பெரிய ஜெட்டில் தொடங்கி, சோதித்துக் கொண்டே படிப்படியாகக் குறைப்பது பாதுகாப்பு. எத்தனாலில் பிளக் முனை, பெட்ரோலைப் போல நிறம் காட்டாது. புகைக்குழாயில் லாம்ப்டா சென்ஸர் பொருத்திப் பார்ப்பதே நம்பகமானது. கம்ப்யூட்டர் தருவது தொடக்க எண்தான். முடிவு இன்ஜினிடம் இருக்கிறது.

<b>தாளில் வராத வேலைகள்</b>

மெயின் ஜெட் மட்டும் போதாது. ஸ்லோ ஜெட், ஆக்ஸிலரேட்டர் பம்ப், மிதவை அறையின் ஊசி வால்வு, பெட்ரோல் பம்ப் ஆகிய அனைத்தும் கூடுதல் எரிபொருளைத் தர வேண்டும். பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் எத்தனால் கெடுத்துவிடலாம். தாங்கக் கூடியவற்றை மாற்ற வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். எண்ணூர் போன்ற கடலோரத்தில் டேங்க்கிலும் கார்புரேட்டரிலும் அதனை நாள்கணக்கில் விட்டு வைத்தால் உலோகம் அரிக்கும். ஓட்டி முடித்ததும் வடித்துவிடுங்கள். தீப்பிடித்தால் அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வாங்கவும் சேமிக்கவும் அரசு விதிகள் உண்டு.

இது பந்தயத் தடத்தில் ஓடும் இன்ஜினுக்கான கணக்கு. இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனை 2023 பிப்ரவரியில் தொடங்கி, 2025க்குள் நாடெங்கும் பரவியது. உங்கள் வீட்டுப் பழைய புல்லட்டுக்கும் இதே கேள்வி எழலாம். அதற்கு பி6ல் வந்த 104 ஐப் பார்த்து நீங்களே ஜெட்டை மாற்றிவிடாதீர்கள். தயாரித்த நிறுவனத்தின் அறிவுரையைக் கேட்டு, தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இறுதியாக ஒரு பயிற்சி. பி2ல் 0 என டைப் செய்யுங்கள். எத்தனாலே இல்லை என்றால் ஜெட் மாறக் கூடாது. பி6ல் மீண்டும் 100 வர வேண்டும். வராவிட்டால் டைப் செய்ததில் எங்கோ தவறு இருக்கிறது என்று பொருள். விடை தெரிந்த ஒரு கேள்வியை முதலில் கேட்டு, ஃபார்முலாவைச் சோதித்துவிட்டே நம்புங்கள். நாளை வீட்டுக் கடன் தவணையைக் கணக்கிடும்போதும் இந்தப் பழக்கம் உதவும்.