‘விஷமம் உண்டோ?’ என்று டாக்டர் கேட்டால்...

எல்லைத் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில மனநலச் சொற்கள்

(நமது பாலக்காடு நிருபர்)

ராமநாதபுரம் பக்கத்துக்காரர் ஒருவர் கஞ்சிக்கோட்டில் இரும்பாலை வேலைக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. இரவில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. “தம்பி, உனக்கு மலையாளம் தெரியுமே, கூட வா” என்று என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்தார். போனேன்.

டாக்டர் அன்பாகத்தான் கேட்டார்: “மனசில் வல்ல விஷமமும் உண்டோ?”

நம்மவர் பதறிப் போனார். “ஐயா, நான் யார் வம்புக்கும் போகாதவன். விஷமமெல்லாம் என்கிட்டே கிடையாது!”

“பேடி உண்டோ?” என்பது அடுத்த கேள்வி. அண்ணன் முகம் சிவந்துவிட்டது.

மலையாளத்தில் விஷமம் என்றால் மன வருத்தம். பேடி என்றால் பயம். தமிழில் முன்னது குறும்பு, பின்னது வசைச் சொல். சங்கடம் என்றால் நமக்கு இக்கட்டு, அவர்களுக்குத் துக்கம். இப்படி உருவம் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் உள்ள சொற்கள், வாளையாறு முதல் குமுளி வரை எல்லையில் வாழும் நமக்கு ஆஸ்பத்திரி வாசலில் இடைஞ்சலாக நிற்கின்றன.

என் தவறு

இந்த இக்கட்டைத் தீர்க்க நான் ஆங்கிலத்தின் உதவியை நாடினேன். “டாக்டர், இவருக்கு ரொம்ப டென்ஷன்” என்றேன். அவர் உடனே ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்துக் கையில் சுற்றினார். அவர்மீது குற்றமில்லை. டென்ஷன் என்ற சொல் கவலைக்கும் போகிறது, கோபத்துக்கும் போகிறது, ரத்தக் கொதிப்புக்கும் போகிறது. மலையாளிகளும் “டென்ஷன் அடிக்கண்டா” என்கிறார்கள். எல்லோரும் சொல்வதாலேயே அது ஒன்றையும் குறிப்பாகச் சொல்லாத சொல்லாகிவிட்டது.

ஆங்கிலச் சொற்கள் இரு மொழிக்காரர்களுக்கும் பொது நாணயம்தான். ஆனால் எந்த நாணயம் எவ்வளவு பெறும் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

ஸ்ட்ரெஸ்: பொறியியலில், இரும்பின்மீது பாரம் ஏறும்போது அதனுள் உண்டாகும் விசைக்கு இந்தப் பெயர் உண்டு. உடல் எந்தத் துன்பத்துக்கும் பெரும்பாலும் ஒரே விதமாக எதிர்வினை காட்டுவதைப் பற்றி 1936-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய ஹான்ஸ் ஸெல்யே என்ற அறிஞர், பின்னாளில் இந்தச் சொல்லை மருத்துவத்தில் நிலைநாட்டினார். பாரம் இறங்கினால் ஸ்ட்ரெஸ் பெரும்பாலும் தணியும்.

டிப்ரஷன்: கீழே அமுக்கப்படுவது என்பது மூலப்பொருள். வங்கக் கடலில் உண்டாகும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். மருத்துவத்தில் இது ஒரு நோய். குறைந்தது இரண்டு வாரம், அநேகமாக தினமும், நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்தே கிடப்பது, அல்லது எதிலும் நாட்டம் அற்றுப்போவது இதன் முக்கிய அடையாளம். லீவு கிடைத்தாலும், பணம் வந்தாலும் விலகாமல் நிற்கக்கூடும். நம் பத்திரிகைகள் ஸ்ட்ரெஸ், டிப்ரஷன் இரண்டையும் ‘மன அழுத்தம்’ என்றே எழுதிவிடுவது உண்டு. நோய்க்கு ‘மனச்சோர்வு’ என்பதே பொருத்தம்.

ஆங்ஸைட்டி: நெரிப்பது என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது. “நெஞ்சை அடைக்குது, படபடங்குது” என்று நம் தாய்மார்கள் சொல்வதற்கு எவ்வளவு பக்கம், பாருங்கள்! தமிழில் பதற்றம்.

கவுன்சலிங்: என்ஜினீயரிங் காலேஜில் இடம் ஒதுக்குவது மட்டுமல்ல, மனக்குறையைக் கேட்டு வழிகாட்டுவதும் இதுவே.

மெண்டல்: ‘மனம் சார்ந்த’ என்பதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை. நாம்தான் இதை வசையாக்கி, மனநல டாக்டரிடம் போவதற்கே கூசும்படி செய்துவிட்டோம்.

ரயில்வே புத்தகக் கடைகளில் தன்னம்பிக்கை நூல்களுக்கு என்றும் கிராக்கி உண்டு. எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ நம்மில் பலரை நிமிர்த்திய புத்தகம். ஆனால் நோயில் விழுந்தவரிடம் ‘வில் பவர் வேண்டும்’ என்று உபதேசிப்பது, கால் முறிந்தவனை ஓடச் சொல்வது போன்றது.

சட்டம் தரும் உரிமை

2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, நோயாளி தன் நோயைப் பற்றியும் சிகிச்சையைப் பற்றியும் தனக்குப் புரியும் மொழியில் தகவல் பெற உரிமை உள்ளவர். “தமிழில் சொல்லுங்கள்” என்று கேட்பது சலுகை கோருவதல்ல. மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசிச் சேவையும் உண்டு. எண் 14416. கட்டணம் இல்லை; இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தமிழும் அதில் ஒரு மொழி. மூணாறு லயத்திலிருந்தும் அழைக்கலாம், கஞ்சிக்கோடு லாட்ஜிலிருந்தும் அழைக்கலாம்.

அண்ணன் விஷயத்துக்கு வருவோம். டாக்டர் கருவியை ஓரமாக வைத்துவிட்டு, பெயர்களை விட்டுச் சங்கதிகளைக் கேட்க ஆரம்பித்தார். எத்தனை நாளாகத் தூக்கமில்லை? சாப்பாடு எப்படி? முன்பு பிடித்தது எது, இப்போது பிடிக்கிறதா? உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றியதுண்டா? நான் மொழிபெயர்த்தேன். கடைசிக் கேள்விக்கு அண்ணன் பதில் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அன்றே சிகிச்சை தொடங்கியது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக் கையால் மீன் குழம்பு வைத்து என்னையும் கூப்பிடுகிறார்.

ஆகவே, நண்பர்களே, சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். சொல் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. எத்தனை நாள், என்ன தூக்கம், என்ன சாப்பாடு, மனதில் ஓடும் நினைப்பு என்ன என்ற நான்கையும் மறைக்காமல் சொன்னால், பெயர் வைப்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார். பக்கத்துக் கட்டில்காரர் பல நாளாகப் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால், “என்ன டென்ஷனா?” என்று கேட்டுவிட்டு நகராதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள்.