மின் நிலையக் கணக்கை வாசிக்கும் முறை

"மாநிலத்தில் இத்தனை ஆயிரம் மெகாவாட் மின்சாரம் உண்டு என்கிறீர்கள், என் கிணற்று மோட்டார் ஏன் ஓடவில்லை?" சில ஆண்டுகளுக்கு முன் நம் ஒன்றியத்து ஊராட்சிக் கூட்டமொன்றில் ஓர் உழவர் எழுப்பிய வினா இது. அவருடைய கரும்பு அப்பொழுது வாடிக்கொண்டிருந்தது. நாமோ மின் நிலையங்களின் மொத்தத் திறனைப் பட்டியலிலிருந்து வாசித்துவிட்டு அமர்ந்தோம். அது விடையாகாது என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

பட்டாவும் அடங்கலும்

நிலத்துக்கு இருவகைக் கணக்கு உண்டு. பத்து ஏக்கர் என்று பட்டா கூறும். அந்தப் பசலியில் எத்தனை ஏக்கரில் என்ன பயிர் நின்றது என்பதை அடங்கல் கூறும். மழை பொய்த்த ஆண்டில் பட்டா மாறுவதில்லை, அடங்கல் சுருங்கிவிடும். மின் நிலையக் கணக்கும் இத்தகையதே. 'நிறுவு திறன்' என்பது பட்டா. அது மெகாவாட்டில் எழுதப்படும். 'உற்பத்தி' என்பது அடங்கல். அது யூனிட்டில் எழுதப்படும். 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 4 யூனிட் செலவாகும்.

மேட்டூர் அணையின் மின் நிலையம் பாசனத்துக்கு நீர் திறக்கும் காலத்தில் நன்கு இயங்கும். ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மரபு. திறப்பு குறைந்தால் உற்பத்தி குறையும், திறன் குறையாது. அதே ஊரிலுள்ள 1,440 மெகாவாட் அனல் மின் நிலையமோ நிலக்கரி இருந்தால் இரவும் பகலும் இயங்கும். கொதிகலன் பழுதுபட்டால் நிற்கும். முப்பந்தல் காற்றாலைகளுக்கு மே முதல் செப்டம்பர் வரை அறுவடைக் காலம். சூரிய மின்சாரத்துக்குப் பகற்பொழுது மட்டுமே.

கணக்கு எழுதுவோர்

1948-ஆம் ஆண்டின் மின்சார வழங்கல் சட்டம் மத்திய மின்சார ஆணையத்துக்கு வழிவகுத்தது. மின் உற்பத்தி செய்வோர் அவ்வாணையம் கோரும் புள்ளி விவரங்களை அளித்தல் கடமை என்று 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் கூறுகிறது. அவற்றைத் திரட்டி மக்களுக்கு வெளியிடுவது ஆணையத்தின் பணி. அனல், நீர், அணு மின் நிலையங்களின் உற்பத்தி நாள்தோறும் வெளியாகிறது. எந்த இயந்திரம் நின்றது, திட்டமிட்ட பராமரிப்புக்கா, திடீர்ப் பழுதாலா என்பதும் அதில் குறிக்கப்படும்.

இயங்காத நிலையங்கள் கணக்கிலிருந்து நீக்கப்படும். 1970-ல் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-லும், 1962-ல் தொடங்கிய நெய்வேலி முதல் அனல் மின் நிலையம் 2020-லும் இவ்வாறு ஓய்வு பெற்றன. ஆகையால் பழைய பட்டியலை வைத்துக் கணக்கிடுவது பிழையாகும். கூடங்குளம் போன்ற மத்திய நிலையங்களின் மின்சாரம் அண்டை மாநிலங்களுக்கும் பங்கிடப்படுகிறது என்பதையும் நினைவில் கொள்ளல் வேண்டும்.

ஊராட்சி செய்யத் தக்கவை

ஊரில் ஒரு மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைக்க எவரேனும் முன்வந்தால், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று கேளுங்கள். இடைவிடாது இயங்கினால் 87,60,000 யூனிட் வரவேண்டும். சூரியனைக் கொண்டு அதில் ஐந்தில் ஒரு பங்கை எட்டினாலே நல்ல விளைச்சல். அதனினும் மிகுதியாக வாக்களித்தால் ஆராய்ந்தே தீர்மானம் இயற்றுதல் நலம்.

மற்றொன்று. மேற்கூறிய கணக்குகள் மின் நிலையத்து வாயிலோடு முடிந்துவிடுகின்றன. மின்சாரம் நம் வயலை வந்தடைந்ததா என்பது அவற்றில் இராது. ஆகவே மும்முனை மின்சாரம் வந்த நேரம், நின்ற நேரம், மின்மாற்றியின் எண் ஆகியவற்றை ஊராட்சியில் ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வருக. மாநிலமெங்கும் உற்பத்தி குறைந்த நாளில் அண்டை ஊர்களிலும் தட்டுப்பாடு தோன்றும். உற்பத்தி குறையாத நாளில் நம் ஊரில் மட்டும் மின்சாரம் நின்றால், குறை அருகிலேயே உள்ளது.

அக்கரும்பு உழவரின் குறையும் அத்தகையதே. பின்னர் விசாரித்தபொழுது, அந்த வாரம் மின் நிலையங்களில் உற்பத்தி குறையவில்லை என்று கணக்கு காட்டிற்று. பழுது அவ்வூர் மின்மாற்றியில் இருந்தது. இரண்டு நாளில் அது சரிசெய்யப்பட்டது; ஆயினும் கரும்பில் ஒரு பகுதி காய்ந்துவிட்டது. கூட்டத்தன்றே உற்பத்திக் கணக்கையும் ஊர்க் குறிப்பேட்டையும் ஒப்பிட்டிருந்தால் அதையும் காத்திருக்கலாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். அதை இம்மாதமே தொடங்குவோமாக.