தாய்வழிப் பதர்

ஆவடி தாண்டி திருவள்ளூர் போகும் மின்சார ரயிலில் செவ்வாப்பேட்டை ரோடு வந்தால், பக்கத்தில்தான் திரூர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. 'டி.கே.எம்.' என்று தொடங்கும் நெல்லெல்லாம் திரூர்க்குப்பத்துப் பிள்ளைகள். டி.கே.எம். 6-இன் குருத்துப்பூச்சி தாங்கும் குணத்தை வாங்கித்தான் பிலிப்பைன்ஸில் ஐ.ஆர். 20 பிறந்தது. நம் பெற்றோர் சாப்பிட்டு வளர்ந்த சோறு அது.

இந்த ரகங்களில் விதையை எடுத்துவைத்து அடுத்த போகத்துக்கு விதைக்கலாம். நெல் அவ்வளவு கூச்ச சுபாவம். காலை வெயில் ஏறும்போது உமி வாய் திறக்கும், ஆறு மகரந்தப்பைகள் தலைநீட்டும், ஒரு மணி நேரம் போல இருந்துவிட்டு மூடிக்கொள்ளும். அதற்குள் தன் தூள் தன் சூல்முடியிலேயே விழுந்திருக்கும். வெளி மாப்பிள்ளைக்கு அங்கே வேலையில்லை.

அப்படியானால் வீரிய ஒட்டு நெல்லை உண்டாக்குவது எப்படி? ஒரு பூவுக்கு ஒரு நெல்மணிதான். ஏக்கர் கணக்கில் பூப்பூவாக ஆண்பையைக் கிள்ளிக்கொண்டிருக்க முடியாது. தூளே பிடிக்காத செடி வேண்டும். 1970-இல் சீனாவின் ஹைனான் தீவில் அப்படியொரு காட்டு நெல் நெல் விஞ்ஞானி யுவான் லாங்பிங்கின் குழுவுக்குக் கிடைத்தது.

அதன் குறை மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. அது தாய் வழியாக மட்டுமே இறங்கும். 2013-இல் சீன ஆய்வாளர்கள் அடையாளம் காட்டிய மரபணுவின் பெயர் டபிள்யூ.ஏ.352. மகரந்தப்பையின் உட்சுவரில் டபீட்டம் என்றொரு செல் அடுக்கு உண்டு, வளரும் தூளுக்கு ஊட்டம் கொடுக்கும் செவிலி. இந்த மரபணு தரும் புரதம் செவிலியை நாள் வருமுன்னே சாகடித்துவிடும். தூள் பட்டினியில் சுருங்கும். நுண்ணோக்கியில் வைத்து அயோடின் கரைசல் ஒரு சொட்டு விட்டால், நல்ல தூள் மாவுச்சத்து நிறைந்து கருநீலமாக உருண்டிருக்கும். மலட்டுத் தூள் வெளிறி, ஒடுங்கிக் கிடக்கும். சூலகத்துக்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை.

விதை வயலில் இந்தக் குறையுள்ள செடியைத் தாயாக வைத்து, பக்கத்து வரிசையில் தந்தை நெல்லை நடுவார்கள். தூளை மறிக்கும் உச்சி இலையான கண்ணாடி இலையின் நுனியை வெட்டிவிட்டு, பூக்கும் நேரத்தில் இருவர் கயிற்றின் இரு முனையைப் பிடித்துத் தந்தைக் கதிர்களை உரசியபடி நடப்பார்கள். தூள் புகையாய்க் கிளம்பும். நவீன மரபியலின் உச்சம் கடைசியில் ஒரு கயிற்றில் தொங்குவது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

தந்தையின் உட்கருவில் ஆர்.எஃப்.3, ஆர்.எஃப்.4 என்ற மீட்பு மரபணுக்கள் உண்டு. தாயின் குறையை அவை அடக்குவதால் பிள்ளைச் செடி நன்றாகவே மணி பிடிக்கும். கோவையில் இப்படி உருவாகி 1994-இல் வெளிவந்த கோ.ஆர்.எச். 1-க்கு எம்.ஜி.ஆர். பெயரையே வைத்தார்கள்.

ஆனால் டி.கே.எம். நெல் மாதிரி இதிலும் விதையைக் கோட்டை கட்டி வைத்தால் ஏமாற்றம்தான். பேரப்பிள்ளைகளில் மீட்பு மரபணு சிலவற்றுக்கு வரும், சிலவற்றுக்கு வராது. பாட்டியின் மைட்டோகாண்ட்ரியா மட்டும் எல்லாவற்றுக்கும் வந்துவிடும். பயிர் ஏற்ற இறக்கமாக நிற்கும். நடுவில் சில கதிர்கள் மட்டும் தலை சாயாமல் விறைத்து நிற்கும். உருவிப் பார்த்தால் கையில் பதர்.